விரைவில் என்றால் எத்தனை நாள்

என் பர்ஸில் அடையாள அட்டைக்குப் பின்னால் ஒரு செய்தித்தாள் துண்டு இருக்கிறது. மடித்த இடங்களில் இற்றுவிட்டது. ஓரத்தில் சேற்று விரலின் ரேகை. 'முதல் போகத்திற்கு விரைவில் தண்ணீர் திறப்பு' என்பது தலைப்பு. அதைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தவர் என் பெரியப்பா.

குச்சனூர்ப் பக்கம் அவருக்கு ஒன்றரை ஏக்கர் வயல். கல்லூரி விடுமுறையில் ஊருக்கு வந்த நான் அந்தச் செய்தியைப் படித்துக் காட்டியபோது, அவர் கேட்டது ஒன்றுதான்: "விரைவிலன்னா எத்தன நாளுப்பா?" தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். அந்தச் சொல் வாயில் வரவில்லை. "பத்துப் பதினஞ்சு நாளு பெரியப்பா" என்றேன். அன்று சாயங்காலமே விதைநெல்லை ஊறப்போட்டுவிட்டார்.

எங்கள் பக்கம், வரப்போகிற தண்ணீரை 'இந்தா வந்துருச்சு' என்பார்கள். வாய்க்காலில் நுரை தெரிந்தால்தான் அப்படிச் சொல்வார்கள். கைநீட்டிக் காட்ட முடியாததற்கு 'இந்தா' கிடையாது. 'விரைவில்' அப்படிப்பட்ட சொல் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

கிணற்றில் இருந்த கொஞ்சத் தண்ணீரை நாற்றங்காலுக்கு இறைத்தார். நாற்று வளர்ந்தது, முற்றியது, கணு வைத்து நடவுக்கு ஆகாமல் போனது. நாற்பது நாள் கடந்தும் கால்வாய் காய்ந்து கிடந்தது.

"பேப்பர்ல தண்ணி கரபொரண்டு ஓடுது, வாய்க்கால்லதேன் காணோம்" என்றாள் பெரியம்மா. "அறுத்து மாட்டுக்குப் போடுங்க, அதாச்சும் திங்கட்டும்."

மாட்டுக்குப் போட்ட கையோடு பெரியப்பா அந்தத் துண்டை என்னிடம் நீட்டினார். "பேப்பர்க்காரன் பொய் சொல்லலப்பா. நாமதேன் நாள எண்ணிப்புட்டோம்." எண்ணியவன் நான் ஒருவன்தான். அவர் 'நாம' என்றார். மறுபடி நாற்றுப் பாவ விதைநெல்லும் இல்லை, கிணற்றில் தண்ணீரும் இல்லை. அந்தப் போகம் வயல் தரிசாகவே கிடந்தது.

இப்போது நான் ஓர் அலுவலகத்தில் மனுக்களுக்குப் பதில் தட்டச்சு செய்கிறேன். கடைமடைக்கு எப்போது தண்ணீர் வரும் என்று கேட்டு நேற்று ஒரு விவசாயியின் மனு வந்தது. தேதி போடலாமா என்று மேலதிகாரி அம்மாவிடம் கேட்டேன். "தேதி போட்டா நம்மளத்தான் கேப்பாக தம்பி. விரைவில்னே போடுங்க." போட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து, மனுவில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். "ஐயா, விரைவில்னு கடுதாசி வரும். அத நம்பி நாத்துப் பாவிறாதீக."

"அது தெரியும் தம்பி" என்றார் அந்த மனிதர். "எத்தன நாளாகும்? அதச் சொல்லுங்க."

"தெரியலங்க ஐயா" என்றேன். பெரியப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டிய பதில்.