நைனாவிடம் கேட்கப்பட்ட கேள்வி

சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலை ஒன்றில், நைனா என்று நான் கூப்பிடும் அப்பா மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். தொழிலாளர் சங்கத் தலைவர் பதவிக்கு அவர் நின்றபோது எனக்குப் பத்து வயது. போட்டியிடும் இருவரையும் நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேசவிட்டு, அதை நேரடியாகக் காட்டப்போவதாக ஊர் கேபிள் சேனல்காரர்கள் அறிவித்தார்கள்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, நைனாவைத் தயார்செய்யும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். அவர் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. அதனால் தோற்றதும் இல்லை. எதிராளியைப் பார்க்காமல் கேமராவைப் பார்க்கவேண்டும். தொண்டை காய்ந்தாலும் தண்ணீர் குடிக்கக்கூடாது, பயந்துவிட்டார் என்பார்கள் என்று நைனாவுக்குப் பாடம் நடத்தினார்.

"இன்னா கேட்டாலும் சுத்திச் சுத்தி போனஸுக்கே வந்துடு மச்சான். அந்த அக்கா கை விஷயத்த மட்டும் வாயில எடுக்காத."

அந்த சீசனில்தான் நைனாவின் மெஷினில் ஒரு பெண்ணின் மூன்று விரல்கள் போயிருந்தன; அவளைத் திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அதைப் பற்றி யாராவது பேசிக்கொண்டு திரிந்தால் வேலை போய்விடும் என்று மேனேஜர் மிரட்டியிருந்தது எனக்கும் தெரியும். நைனா தலையாட்டினார்.

மறுநாள் பள்ளிவிட்டு வரும்போது, பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்குப் பின்னால் நைனா நின்றிருந்தார். எதிரில், தேர்தலில் அவரை எதிர்த்து நிற்கும் லோடிங் பிரிவுக்காரர். "நுவ்வே அடகாலி" என்று நைனா தெலுங்கில் அவரிடம் சொன்னது காதில் விழுந்தது. நீதான் கேட்கவேண்டும். பள்ளியில் தெலுங்கு படித்த எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

என்ன கேட்கவேண்டும்? அன்றிலிருந்து நைனாவின் மேல் ஒரு கண் வைத்தேன். அவர் சட்டைப் பையைத் துழாவினேன். திருப்பதி பஸ் டிக்கெட் இருந்தது. ஷிப்டுக்குப் போவதாகச் சொன்ன நாளின் டிக்கெட் அது. அவர் சிரித்தால்கூட எதையோ மறைப்பதுபோல் இருந்தது.

சேனலில் இருவரும் பேசவிருந்த மாலை வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். போனஸ் பேச்சு நன்றாகவே போனது. திடீரென்று லோடிங்காரர், அந்தப் பெண்ணுக்கு விரல்கள் போன அன்று மெஷினுக்குப் பாதுகாப்பு மூடி இருந்ததா என்று கேட்டார். மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். நைனா தண்ணீர் டம்ளரை எடுத்து முழுதும் குடித்தார்.

"மூடி இல்ல. பத்து நாளா இல்ல. இருந்துச்சின்னு எழுதி கையெழுத்து போடச் சொன்னாங்க. நானும் போட்டேன். அது என் தப்பு."

என்னால் அடக்கமுடியவில்லை. டீக்கடையில் பார்த்ததை மாமாவிடம் சொல்லிவிட்டேன். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இரண்டும் கூட்டு என்ற பேச்சு மறுநாளே ஆலை முழுதும் பரவியிருந்தது. நைனா தோற்றார்.

கையெழுத்துப் போட்டதற்காகவே பலர் ஓட்டுப் போடவில்லை என்று பிற்பாடு அம்மா சொன்னாள். தானே அந்தப் பேச்சை எடுத்தால் வேலை போகும், ஊரே பார்க்க ஒருத்தன் கேட்டால் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும் என்று நைனா அவளிடம் சொல்லியிருந்தாராம். என்னை ஆறுதல்படுத்துவதற்காகச் சொன்னாளா, தெரியவில்லை.

முடிவு வந்த அன்று மாமா என்னைக் காட்டிக்கொடுத்தார். நைனா என்னையே பார்த்தார்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன் நைனா."

"சரி. பாத்தத சொன்ன. போய் துன்னு."

மறுநாள் காலை எங்கள் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே ஜெயித்த லோடிங்காரர். நைனா இஸ்திரி போட்ட சட்டையோடு ஏறிக்கொண்டார். லேபர் ஆபீசுக்குப் போகச்சொல்லி டிரைவரிடம் சொன்னது கேட்டது. நான் சொன்னது நிஜமாகிவிட்டது என்று மாமாவிடம் ஓடினேன். இருவருக்கும் நடுவில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த பெண் யார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.