சிமெண்ட் வரும் நாளில் குளிக்கும் லாரி

வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றி, லாரி பாடியின் பலகைகளை மூலை விடாமல் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருக்கிறார் டிரைவர் மாரோலோப். தெரியாதவர்கள் பார்த்தால் என்ன சுத்தமான மனுஷன் என்று நினைப்பார்கள். காப்பிக்கடை பெஞ்சில் சுமைக்காரர்கள் மூக்கை மூடித் துணி கட்டத் தொடங்கிவிட்டதைக் கவனித்தவர்களுக்குத்தான் விஷயம் விளங்கும். மூக்கில் துணி ஏறினால் சிமெண்ட் வருகிறது என்று அர்த்தம். ஈரப் பலகையில் சிமெண்ட் மூட்டையை யாரும் ஏற்றமாட்டார்கள்.

பாடாங் புறவழிச்சாலை லோடு ஆபீஸில் வரிசைப்படிதான் எல்லாம். முன்னால் நிற்கும் வண்டிக்கு எந்தச் சரக்கு வருகிறதோ அது. நூடுல்ஸ் கிடைத்தால் யோகம், வண்டி மலையில் பறக்கும். சிமெண்ட் கிடைத்தால் டயருக்கும் இடுப்புக்கும் ஒரே நாளில் வயசாகும். அதனால் மற்ற டிரைவர்கள் ஆபீஸை நடத்தும் தெஸ்மா அக்காவுக்கு மங்குஸ்தான் பழம், புகை போட்ட மீன் என்று கொண்டுவந்து கொடுப்பார்கள். அக்கா நன்றியோடு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, சிமெண்டுக்கே சீட்டு எழுதுவார்.

மாரோலோப் எதுவும் கொடுக்கமாட்டார், எதுவும் கேட்கவும் மாட்டார். “கேட்டவனுக்கு பாரம், கேக்காதவனுக்கு லோடு” என்பார். கேட்டால் கடன்பட்டது போல ஆகிவிடுமாம். தண்ணீருக்கு அந்தத் தொல்லை இல்லை. “பாடியை வச்சிருந்தா மாரோலோப் மாதிரி வச்சிருக்கணும்” என்று தெஸ்மா அக்கா ஊரெல்லாம் சொல்வதைத் தலை குனிந்து, அடக்கமாகக் கேட்டுக்கொள்வார்.

அவர் தட்டிக்கழிக்கும் சிமெண்ட் லோடு ஆவியாகிப் போய்விடுவதில்லை. அது வரிசையில் அடுத்த வண்டிக்குப் போகும். அடுத்த வண்டி பெரும்பாலும் தும்பாலுடையது. இருவரும் பத்தாக்கு இனத்தவர், ஒரே மலைப்பக்கம், ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒன்றாகவே வந்து ஒன்றாகவே வரிசையில் நிற்பதால் தும்பாலுக்கு வாய்ப்பதெல்லாம் சிமெண்ட். அவருடைய மனைவி இதற்காகப் போதகரிடம் தனியாக ஒரு ஜெபமே வைத்துப் பார்த்துவிட்டார். அந்த ஜெபத்துக்கு மாரோலோப்பும் கண்ணை மூடி ஆமென் சொன்னார்.

போன மழைக்காலத்தில் மாரோலோப்பின் மகள் ரொத்துவாவுக்குச் சொந்த ஊரான தாருதுங்கின் தேவாலயத்தில் திடப்படுத்தல் வைத்திருந்தார்கள். பிள்ளை சபையின் முன்னால் தன் விசுவாசத்தைச் சொல்லும் அந்தச் சடங்கில் தகப்பன் பக்கத்தில் நிற்க வேண்டும். மூத்தவனுக்கு அது நடந்தபோது மாரோலோப் ஜாம்பி ரோட்டில் லாரியோடு சேற்றில் புதைந்து கிடந்தார். இந்த முறை மகளே போனில் கேட்டுவிட்டாள்: “அப்பா, ஞாயித்துக்கெழம உன் எடத்துல யாரை நிக்க வைக்கட்டும்? இப்பவே சொல்லிரு, பெரியப்பாகிட்ட கேக்கணும்.” அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். ஏற்பாடு செய்கிற குரலில் கேட்டதுதான் அவரைச் சுட்டது.

தாருதுங் பக்கம் ஒரு லோடு கிடைத்தால் போதும். வெள்ளிக்கிழமை காலை அவர் வண்டிதான் முதலில் நின்றது. சுமைக்காரர்கள் மூக்கில் துணி ஏறியது. அந்த சிமெண்ட் பக்கன்பாருவுக்கு, தாருதுங் பக்கமே இல்லை. மாரோலோப் வாளியை எடுத்துவிட்டார்.

கடைசி மூலையைத் தேய்க்கும்போது தெஸ்மா அக்கா சீட்டோடு வெளியே வந்தார். சிமெண்ட் மத்தியானம்தானாம். அதற்கு முன்னால் நூடுல்ஸ்.

“தாருதுங்குக்கு, தம்பி. மகளுக்கு விசேஷம்னு கேள்விப்பட்டேன். நேத்தே போக வேண்டிய சரக்கு, உன் முறை வரட்டும்னு நிறுத்தி வச்சேன்.”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. சரக்குக்காரரின் ஆள் பாடியில் ஏறி, பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இறங்கினான். அட்டைப்பெட்டிக்கு ஈரம் ஆகாது. சீட்டு அடுத்த வண்டிக்குப் போயிற்று. தும்பாலின் பாடி, அவருடைய வாழ்க்கையைப் போலவே, சிமெண்ட் தூசி படிந்து நன்றாகக் காய்ந்திருந்தது.

காலி லாரியை ஊருக்கு ஓட்டிப் போனால் மறுநாள் சாவி முதலாளி கைக்குப் போய்விடும். பஸ்ஸில் போயிருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. பஸ்ஸில் ஊருக்கு வரும் டிரைவரைப் பார்த்தால், வண்டியைப் பறித்துவிட்டார்கள் என்று மனைவியிடம் துக்கம் விசாரிக்க ஊரே வந்துவிடும் என்பது அவர் கட்சி. ஆனால் ஒரு மணி நேரம் வாளியின் மேல் உட்கார்ந்திருந்ததில் அந்தக் கட்சி கரைந்துவிட்டது. எழுந்து தும்பாலிடம் போய், வாழ்க்கையில் யாரிடமும் கேட்காதவர், தாருதுங் வரை தன்னையும் ஏற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். கேட்பதற்கு முன்னால் தண்ணீர் விஷயத்தையும் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் கேட்க வாய் வரவில்லை.

தும்பால் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே கேட்டார்.

“தெரியும் மச்சான். உன் வண்டி குளிச்சா எனக்குத் தும்மல் வரும். நான் சொமந்ததுல ஒரு கோயிலே கட்டிருக்கலாம்.”

“தெரிஞ்சுமா சும்மா இருந்த?”

“நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். நீ ரொம்ப நாள் எடுத்துக்கிட்ட.” கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டார். “கிளீனருக்குக் காய்ச்சல். அவன் எடம் காலியாத்தான் கெடக்கு. ஏறு.”

ஏறுவதற்கு முன் மாரோலோப் ஆபீஸ் ஜன்னலுக்குப் போனார். “அக்கா, திங்கக்கெழம என் வண்டி காஞ்சிருக்கும். சிமெண்டே எழுதிக்கங்க.” தெஸ்மா அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவரையும் அந்த ஈர லாரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய்ச் சேர்ந்தார், மகள் பக்கத்தில் நின்றார். அதை அவரே நூறு பேரிடம் சொல்லிவிட்டார். வழியில் நடந்ததைத்தான் சொல்வதில்லை.

சனிக்கிழமை சிப்பிரோக் ஊரைத் தாண்டிய ஏற்றத்தில் மண் சரிந்து லாரிகள் ஊர்ந்து ஊர்ந்து நின்றன. அந்த ஏற்றத்தில் வண்டி நிற்கும்போதெல்லாம் கிளீனர் குதித்து, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து முட்டுக்கொடுக்க வேண்டும். தும்பால் பிரேக்கை மிதித்தார். பழக்கத்தில் கத்த வாயைத் திறந்தவர், பக்கத்தில் இருப்பது யார் என்பது நினைவு வந்து மூடிக்கொண்டார். அதற்குள் அந்தப் பக்கக் கதவு திறந்திருந்தது. மாரோலோப் முழங்கால் சேற்றில் நின்று கட்டையைச் சக்கரத்தின் அடியில் செருகினார். பிறகு, கட்டை வைத்தாயிற்று என்று டிரைவருக்குத் தெரிவிக்கக் கிளீனர்கள் செய்வது போலவே, பாடியை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.