தொப்பூர் ஏற்றத்துக்கு ஒரு கேம்ஷாஃப்ட்

எண்பதுகளின் நடுவில் நான் தர்மபுரியில் கணக்கு டீச்சர். என் கணவர் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். கல்யாணமான இரண்டாம் வருடம், பெங்களூர் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு டர்போவை வாங்கி வந்து எங்கள் நாலு சிலிண்டர் காரில் மாட்டினார். வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சாதனம் அது. மலையேற்றப் பந்தயம் ஒன்றில் ஓட்டிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டில்தான் சிக்கல். காரோடு வந்தது ஒன்று. கோயம்புத்தூரில் சொல்லிச் செய்த ரேஸ் கேம் ஒன்று. எதைப் போடுவது? ஒரு சனிக்கிழமை முழுக்க அவர் இன்ஜினைச் சுற்றிச் சுற்றி அளவு சொல்ல, நான் கிராஃப் தாளில் இரண்டு கேமையும் வரைந்தேன்.

"ரேஸ் கேம்ல ரெண்டு வால்வும் ஒண்ணா ரொம்ப நேரம் திறந்திருக்குதுங்க."

"அப்பத்தான் வேகத்துல இன்ஜின் நல்லா மூச்சு வுடும்."

"டர்போ இல்லாட்டி சரிங்க. இப்ப புகை போற வழிய அது மறிக்குது. அந்தப் புகை திரும்பி உள்ளதான வரும்?"

"பள்ளிக்கூடத்துக் கணக்கு இன்ஜின்ல செல்லாது," என்றார்.

இரண்டு நாள் நான் சாப்பிடக் கூப்பிடுவதோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், ரேஸ் கேம் போட்ட காரில் தொப்பூர் கணவாயில் இறங்கி, கீழே திருப்பி ஏறினோம். சத்தம் மலையையே அதிரவைத்தது. கார் மட்டும் நகர மறுத்தது. கார்புரேட்டர் தும்மிக்கொண்டே இருந்தது. பாரம் ஏற்றிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அவர் ஓரங்கட்டி நிறுத்தி, இன்ஜினை அணைத்தார்.

"அந்த கிராஃப் இருக்குதா?"

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"பழைய கேம போட்டா அதிக வேகத்துல திணறுமே?"

"வால்வு கொஞ்சம் லேட்டா திறந்து லேட்டா மூடுற மாதிரி தள்ளி வெக்க முடியாதாங்க?"

யோசித்தார். "நாலு டிகிரி தள்ளலாம்."

பழைய கேமைப் பொருத்தி, அதைப் பல்சக்கரத்தோடு பூட்டும் சின்ன இரும்புச் சாவியை, கேம் நாலு டிகிரி பிந்தும்படி அவரே அரத்தால் ராவினார். வால்வுக்குக் கெட்டியான ஸ்பிரிங் போட்டார். மறுவாரம் அதே ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. மேலே போனவர் வண்டியைத் திருப்பி, இறங்கி, இன்னொரு தரம் ஏறினார்.

பந்தயத்தில் எங்கள் பிரிவில் மூன்றாவதாக வந்தோம். கேம் யார் போட்டது என்று ஒருவர் கேட்டபோது, "எங்கூட்டு டீச்சர் போட்ட கணக்குங்க," என்றார். நான் டிபன் கேரியரைத் திறப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அடுத்த வருடம் பிஸ்டன் உருகியது. டர்போவைக் கழற்றி, இன்ஜினைச் சரிசெய்து, காரை அரூர் மாங்காய் வியாபாரி ஒருவருக்கு விற்றோம். கேம் நாலு டிகிரி தள்ளியிருப்பதை என் கணவர் அவருக்குப் பத்து நிமிடம் விளக்கினார்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு வியாபாரி சொன்னார்: "அதெல்லாம் சரிங்க. பின்னால நாலு மூட்டை வெச்சா இழுக்குமா?"