காணை மல்லாட்டைக் கொல்லையில் குதித்த கோடு

காலை 7.10. திண்டிவனத்தில் விழுப்புரம் பேருந்து ஏறினேன். துப்பட்டாவில் ஊக்கு குத்தவில்லை, தலையில் வெறும் ரப்பர் பேண்ட். காணையில் பூமியின் காந்தத்தை அளக்க நான் புதைத்து வைத்திருக்கும் காந்தமானியைப் பார்க்கப் போகும் நாளில், அதன் அளவு கெடாமலிருக்க, குண்டூசி அளவு இரும்புகூட என்மேல் இருக்கக் கூடாது. கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள் இந்தக் கோலத்தில் கிளம்புவதைப் பார்த்து வீட்டுக்காரர் சிரிப்பதோடு சரி.

விழுப்புரம் முப்பத்தேழு கிலோமீட்டர். வழியெல்லாம் கவலைதான். சூரியனின் காந்தம் ஏறக்குறைய பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை உச்சத்துக்கு ஏறி இறங்கும். உச்சத்தில் அங்கே வெடிப்புகள் அதிகம்; அவற்றிலிருந்து கிளம்பும் துகள்கள் வந்து மோதி இரண்டு மூன்று நாளில் இங்கே பூமியின் காந்தப்புலம் ஆடும். இது உச்ச காலம். இதற்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன். ஆனால் மூன்று வாரமாகக் கருவியிலிருந்து கைபேசிக்கு வரும் பதிவில் தினமும் முற்பகலில் கோடு குதிக்கிறது, மதியம் அடங்குகிறது. சூரியன் இப்படி ஆபீஸ் நேரம் பார்த்து வேலை செய்யாது.

விழுப்புரத்தில் டீ பன்னிரண்டு ரூபாய், சுமார்தான். காணைக்கு டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணமில்லை. எதற்கு இந்த ஊருக்கு என்று கேட்ட பக்கத்து இருக்கை அம்மாளிடம் சூரியனைப் பார்க்க என்றேன். அதற்குமேல் அவர் என்னிடம் பேசவில்லை.

9.15. இடம் கொடுத்த விவசாயி சாந்தியின் மல்லாட்டைக் கொல்லை, அதாவது நிலக்கடலைக் காட்டின் ஓரத்தில்தான் என் கருவி புதைந்திருக்கிறது. மின்கம்பி பக்கத்தில் இல்லாத இடம். வரப்பில் நடந்துகொண்டே சாந்தி தாழ்ந்த குரலில் சொன்னார். மகள் கவிதாவுக்கு எட்டாம் மாதத்திலேயே பிரசவம். குழந்தை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து, மூன்று வாரத்துக்கு முன்புதான் வீட்டுக்கு வந்திருக்கிறான். இன்னும் பெயர் வைக்கவில்லை. பயத்தில் வீட்டில் யாரும் அவனுடைய நாளையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

வேப்பமரத்தடிக்கு வந்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. காலைக் காற்று அங்கேதான் நன்றாக வரும் என்று கிளையில் தூளி கட்டியிருந்தார்கள்; பக்கத்தில் கவிதா. காத்து கருப்பு அண்டாமலிருக்கத் தூளிக்கு அடியில் மண்ணில் ஒரு அரிவாள் குத்தியிருந்தது. மதியம் வெயில் ஏறியதும் பிள்ளையோடு அதையும் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்களாம். என் கருவிக்கும் அதற்கும் இரண்டு முழம்தான் தூரம்.

என் பார்வை போன இடத்தைப் பார்த்ததும் சாந்திக்கு முகம் சுருங்கிவிட்டது. "களை வெட்டுற கொட்டக்கூட இங்க வெக்க மாட்டேன் டீச்சர். புள்ளைக்குன்னு வெச்சதுல மறந்தே பூட்டேன்" என்று அரிவாளைப் பிடுங்கக் குனிந்தார். கவிதா தூளிக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள். இருக்கட்டும், எடுக்காதீர்கள் என்றேன்.

"உங்க வேலை கெட்டுப் போவாதா?" என்றாள் கவிதா.

அவன் தூங்கும் நேரத்தை மட்டும் பதிவில் வெற்றாக விட்டுவிடுகிறேன், அடுத்த உச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம், அதற்குப் பதினோரு வருடம் ஆகும் என்றேன். விட்டுக்கொடுக்க வருத்தம்தான், மறைப்பானேன்.

அவள் தூளியை விலக்கி வெகுநேரம் உள்ளே பார்த்தாள்.

"பதினோரு வருசம்னா, இவன் ஆறாவது படிச்சிக்கினு இருப்பான் டீச்சர்."

சாந்தி சட்டென்று திரும்பி மகளைப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பதினோரு ஆண்டு என்பதை எத்தனையோ வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இப்படி யாரும் கணக்குப் போட்டதில்லை.

பகல் 12.40க்குக் காணையில் திரும்பும் பேருந்து. அன்று முற்பகல் சூரியன் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. பையன் நன்றாகத் தூங்கினான்.