புன்னக்காயலில் ஒரு ஞானஸ்நானமும் ஒரு மணி நேர வகுப்பும்

தண்ணீர் ஊற்றும்போது பிள்ளையைத் தாங்கிப் பிடிக்க ஐந்து நிமிடம் போதும். அதற்கு எதற்கு முந்தின நாளே ஒரு மணி நேர வகுப்பு? இந்தக் கேள்வியோடுதான் போன ஆகஸ்டில் ரயில் ஏறினேன். பாலிடெக்னிக்கில் என்னோடு படித்த ஜெரின், தன் மகளுக்கு என்னை ஞானத்தகப்பனாகக் கேட்டிருந்தான். அவனுக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலை. அந்த வாரம் வியாழக்கிழமை கிளம்பினால் எட்டு மாதம் கழித்துத்தான் வருவான். ஆகவே அதற்கு முந்தின ஞாயிறன்றே ஞானஸ்நானம் நடந்தாக வேண்டும். காலையில் வந்து மாலையில் திரும்பலாம் என்று நினைத்திருந்த எனக்கு, ஞானப்பெற்றோர் முந்தின நாள் வகுப்புக்கு வந்தாக வேண்டும் என்ற பங்குக் கோயில் விதியால் சனிக்கிழமைக்கும் ஒரு விடுப்பு போயிற்று.

எழும்பூரிலிருந்து இரவு ரயில், ஸ்லீப்பர் 415 ரூபாய். தூத்துக்குடியில் இறங்கித் திருச்செந்தூர் பஸ் பிடித்தால் ஆத்தூர் வரை 28 ரூபாய், ஐம்பது நிமிடம். வழியில் உப்பளங்கள். வெள்ளைக் குவியலில் வெயில் பட்டுக் கண் கூசும். இடதுபக்க சீட்டைத் தவிர்க்கவும். ஆத்தூரிலிருந்து ஏழு கிலோமீட்டர், ஆட்டோ 150. பேரம் பேசிப் பார்த்தேன், குறையவில்லை.

"ஞானஸ்நானமா தம்பி? நீங்க தகப்பனா?" என்றார் ஓட்டுநர்.

"ஞானத்தகப்பன், அண்ணாச்சி."

"அப்ப மோதிரம் நீங்கதான் போடணும். வாங்கியாச்சா?"

"வாங்கியாச்சு."

"பின்ன என்ன, உங்க வேலை முடிஞ்சுது."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மூன்று மணிக்குப் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனேன். இளைஞர், கழன்ற பைக் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தார். நேராகவே கேட்டேன்: "ஃபாதர், ஞானத்தகப்பனுக்கு வேணும்கிற உறுதிபூசுதல் சடங்கு எனக்கு ஆயிருக்கு. என் பங்குக் கடிதம் இருக்கு. வகுப்பு எதுக்கு?"

"நான் விட்டுருதேன்னுதான் சொன்னேன் தம்பி. ஜெரின் வந்து கேட்டான், சரின்னுட்டேன். மறுநாளே அவன் சம்சாரம் வந்து, 'விடாதீங்க ஃபாதர்'னு நிக்கா. அங்கன போய்க் கேளுங்க."

போனேன். ஜெரினின் மனைவி சகாயா குழந்தையின் வெள்ளை உடுப்பை மடித்துக்கொண்டிருந்தாள். ஜெரின் அலமாரியில் எதையோ தேடத் தொடங்கிவிட்டான்.

"ஆமாண்ணே, நான்தான் சொன்னேன்," என்றாள். "எனக்கும் ஞானத்தகப்பன் உண்டு. ரிஜிஸ்டர்ல மட்டும் இருக்காரு. டவுன்ல பெரிய கடைக்காரர்னு எங்கப்பா கூப்பிட்டாரு. வந்தாரு, மோதிரம் போட்டாரு, போனாரு. எனக்கு ஒன்பது வயசுல அப்பா கடலுக்குப் போனவரு வரல. அந்த வருஷந்தான் எனக்குப் புதுநன்மை. எல்லாப் பிள்ளையளையும் தகப்பன் கையப் பிடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க. அந்த ஞானத்தகப்பன் அன்னைக்கும் வரல."

ஜெரின் திரும்பினான். "ஏலே, அவ உன்னையச் சொல்லல."

"அவங்களையும் சேத்துத்தான் சொல்லுதேன். நீங்க கப்பல்ல இருக்கப்போ பிள்ளைக்கு ஒண்ணுன்னா நான் யாரக் கூப்பிடணும்? மோதிரத்தையா?"

அம்பத்தூரில் கொதிகலன்களின் பாதுகாப்பு வால்வைச் சோதிப்பது என் வேலை. சோதிக்காமல் கையெழுத்துப் போடுகிறவனை நான் சும்மா விட்டதில்லை. இங்கே அதையேதான் செய்ய வந்திருந்தேன். விதி என் நேரத்தைத் தின்கிறது என்று கணக்குப் போட்டேன். அது யாரைக் காப்பாற்ற நிற்கிறது என்று பார்க்கவில்லை. அறை மூலையில் பிள்ளை தூங்கிய தொட்டிலைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

வகுப்பு நான்கு மணிக்கு. அறுபத்தைந்து நிமிடம், ஏழு பேர். நடத்திய உபதேசியார், "பிள்ளைக்கு ஜெபம் சொல்லிக்குடுப்பீங்களா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். பொய் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. "பாதி மறந்துபோச்சு. கோயிலுக்குப் போயே ஆறு மாசம் ஆகுது," என்றேன்.

"அப்ப நீங்களும் பிள்ளையுமா சேந்து படிங்க. அவ முந்திருவா, பாத்துக்கோங்க."

ஞாயிறு ஒன்பதே காலுக்குச் சடங்கு. பெற்றோருக்கு உதவ ஆயத்தமா என்று ஞானப்பெற்றோரிடம் கேட்கும் இடம் ஒன்று உண்டு. வழக்கமாக அங்கே எல்லோரும் முணுமுணுப்பார்கள். நான் சொன்ன "ஆயத்தமாயிருக்கிறேன்" பின்வரிசை வரை கேட்டிருக்கும். சகாயா திரும்பி ஒருமுறை என்னைப் பார்த்தாள். பிறகு குழந்தையை என் கையில் கொடுத்தாள்.

கிறிஸ்தவ வாழ்க்கையில் விதிகள் அதிகம் என்று சலித்துக்கொள்கிறவன் நான். இப்போதும் எல்லா விதிக்கும் நான் வக்கீல் இல்லை. ஆனால் ஒன்றைத் தூக்கி எறியும் முன், அது இல்லாததால் அடிபட்டவர்கள் யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று விசாரித்துவிடுகிறேன்.

போகிறவர்களுக்கு: உங்கள் பங்குக் கடிதத்தை இரண்டு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். சனிக்கிழமை மதியம் இரண்டுக்குள் ஊர் சேருங்கள். திரும்பும் ஆட்டோவை முதலிலேயே சொல்லிவையுங்கள். மாலையில் கிடைப்பது கஷ்டம். மோதிரம் சின்ன அளவாக வாங்குங்கள். நான் வாங்கியது பிள்ளையின் கட்டைவிரலிலும் நிற்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுபடி புன்னக்காயல் போகிறேன். ஜெரின் அப்போது நடுக்கடலில் இருப்பான். இந்தமுறை சனிக்கிழமைக்கும் நானே சேர்த்து விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.