மாறிய எண்

டத்தோ கிராமாட்டில் ஒரு கடைக் கட்டடத்தின் மாடியில் இருக்கிறது அந்தச் சிறிய பரிசோதனைக் கூடம். தொழிற்சாலைகள் அனுப்பும் மின்கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்பார்கள். நூர்ஜான் அங்கே பதினோரு வருடமாக இருக்கிறாள். பெரிய மின்னளவி காட்டும் எண்களைப் பார்த்துத் தாளில் எழுதுவது அவள் வேலை. எழுதுவதோடு நிற்கமாட்டாள். காலையில் மின்னளவியை ஏன் ஒரு மணி நேரம் சூடாக விட வேண்டும், கம்பி ஏன் இவ்வளவு தடிமன் என்று எஞ்சினியர் பிரவினைக் குடைவாள்.

சென்ற வருடம் கூடத்தின் பழைய கணினி படுத்துவிட்டது. புதியதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டார்கள். மின்னளவியின் எண்களைக் கணினியே நேராக வாங்கிக்கொள்ளட்டும் என்பது பிரவினின் திட்டம். இரண்டையும் இணைக்கக் கையடக்கமான ஒரு பெட்டி இருந்தது. செருகினால் சிவப்பு விளக்கு எரிந்தது, அதோடு சரி. அதை இயக்கும் டிரைவர் மென்பொருளை நிறுவிப் பிரவின் இரண்டு நாள் மல்லுக்கட்டினான். சிவப்பு மாறவில்லை.

"சூசாலா அக்கா, ரொம்பக் கஷ்டம். பழசு, செத்துப்போச்சு. புதுசு ஆர்டர் பண்ணிடுறேன்."

"செத்திருந்தா விளக்கு எப்படித் தம்பி எரியும்?"

அவன் சிரித்துக்கொண்டே பாயான் லெப்பாஸில் ஒரு வேலைக்குக் கிளம்பிப் போனான். நூர்ஜான் அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். லினக்ஸ் அவளுக்குத் தெரியாது. ஆனால் அவன் கட்டளைகளைத் தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தான். பிழையில்லாமல் பார்த்து எழுதுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கணினியில் செருகியிருப்பவற்றைப் பட்டியல் கேட்டாள். அந்தப் பெட்டிக்கும் ஓர் அடையாள எண் இருந்தது. குறித்துக்கொண்டாள். மின்சாரம் போனால் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும், அதன் உள் நிரலை ஒவ்வொரு முறையும் கணினிதான் ஏற்ற வேண்டும் என்று பெட்டியோடு வந்த கையேடு சொன்னது. தாளிலிருந்த கட்டளையை அடித்து ஏற்றினாள். சிவப்பு அப்படியே இருந்தது.

பழக்க தோஷத்தில் பட்டியலை மறுபடி கேட்டாள். பெட்டியின் அடையாள எண்ணில் கடைசி இலக்கம் மாறியிருந்தது.

ஏதோ நடந்திருக்கிறது! அதே கட்டளையை இன்னொரு முறை கொடுத்தாள். விளக்கு ஒருமுறை அணைந்து பச்சையாக எரிந்தது.

உடனே பிரவினுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, ரெண்டு தடவ ஏத்தணும் போல. பச்ச வந்திருச்சு."

"ரெண்டு தடவயா? யாருக்கா சொன்னா?"

"யாரும் சொல்லல. நம்பர் மாறுச்சு, மொத தடவ பாதிதான் ஏறியிருக்கும்னு மறுபடி குடுத்துப் பார்த்தேன்."

அவன் ஒரு வரி சொல்லி அதை அடிக்கச் சொன்னான். மின்னளவியிடம் அதன் பெயரைக் கேட்கும் வரி. திரையில் மாடல் எண் வந்து விழுந்தது. நூர்ஜான் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள்.

செருகியதும் இரண்டு முறையும் தானாகவே ஏறும்படி பிரவின் செய்துவைத்தான். இப்போது கணினியில் பத்து விநாடிக்கு ஓர் எண் சேர்கிறது. அதை வரைபடமாக்கிப் பார்த்தவள் இருபது நிமிடத்துக்கு ஒரு சின்ன மேடு இருப்பதைக் கண்டாள். கடிகாரத்தோடு நின்று கவனித்தாள். பின்னால் அறையைக் குளிர்விக்கும் ஏர்கோன் ஓடத் தொடங்கும்போதெல்லாம் மேடு வந்தது. மின்னளவி இருந்த மேசையை அதைவிட்டுத் தள்ளி நகர்த்தினார்கள். மேடு பாதியாகக் குறைந்தது.

மீதிப் பாதிக்குப் பக்கத்துக் கட்டடத்து லிஃப்ட்தான் காரணம் என்கிறாள் நூர்ஜான். பிரவின் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.