வில்லுக்கு வைத்த பொட்டு

நான் பெரம்பலூரில் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளிக்கு நான்கு மூங்கில் வில்கள் வந்தன. கூடவே, எய்வதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை என்று ஒரு பட்டியலும் வந்தது. நாண் பிரிந்திருக்கிறதா, வில்லில் விரிசல் உண்டா, அம்பைக் காதருகே வளைத்தால் சத்தம் கேட்கிறதா, எதிரே ஆள் நிற்கிறதா என்று பத்துக் கேள்விகள். பி.டி. சார் அதைச் சார்ட்டில் எழுதி ஒட்டி, தினமும் பதிவேட்டில் பத்துக்கும் டிக் அடித்துவிடுவார். டிக் அடித்த பிறகுதான் வில்கள் இருக்கும் பீரோவைத் திறப்பார். எதிரே ஆள் நிற்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் அவர் நியாயமாக நடந்துகொண்டார். மைதானத்தில் ஆடு நுழைந்தாலும் விசில் ஊதுவார்.

திருச்சியில் வில்வித்தை அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு இருந்தது, ஐம்பது மீட்டர் தூரத்துக்கு. போகவேண்டியவள் நான்தான். அவரவர் வில்லை அவரவர் கொண்டுவரவேண்டும். எங்கள் நான்கில் மூன்று, முப்பது மீட்டரிலேயே அம்பைத் தரையில் இறக்கிவிடும். ஐம்பது மீட்டர் போகக்கூடியது ஒன்றுதான். அதை நான் ராத்திரிக் கனவிலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. வருடத்தில் அன்றைக்கு ஒருநாள்தான் சார் வில்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். துடைத்து, இடத்துக்கு இடம் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்தார். என் வில்லுக்கு மட்டும் பிடிக்கு மேலே ரூபாய் அளவுக்கு ஒரு பொட்டு. திருச்சி போகிற வில் என்று தனிக் கவனிப்பாம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

விடுமுறை முடிந்து, தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கையில், வில்லை வளைத்து நாண் பூட்டினேன். அந்தப் பெரிய பொட்டுக்கு அடியில் 'டிக்' என்று ஒரு சத்தம். விரலால் தடவினால் சந்தனம் குறுக்கே வெடித்திருந்தது. நாணைக் கழற்றிவிட்டு, தாவணி முனையை நனைத்துத் துடைத்தேன். சந்தனத்தோடு மூங்கிலும் வெடித்திருந்தது. தலைமுடி மாதிரி ஒரு கோடு.

சாரிடம் காட்டினேன். அவர் கோட்டைப் பார்க்கவில்லை.

"பொட்டத் தொடச்சுட்டியா? பொம்பளப் புள்ளதானே நீ? பொட்ட அழிக்கலாமாடி?"

"விரிசல் வுட்டிருக்கு சார்."

"நான் செக் பண்ணி டிக் அடிச்ச வில்லு. விரிசலாம் விரிசல்! இங்க பாரு, எப்படி நிக்குதுன்னு."

சொல்லிக்கொண்டே நாணைப் பூட்டிக் காதுவரை இழுத்தார். பட்டென்று வில் இரண்டாகி, மேல்துண்டு திரும்பி அவர் நெற்றி நடுவில் அடித்தது. அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு தையல் போட்டு அனுப்பினார்கள். பொட்டு வைக்கும் இடத்திலேயே வீங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. வில் உடைந்த ஆத்திரத்தில் அழுகையும் வந்தது.

வில் உடைந்ததற்குக் காரணம் எழுதவேண்டுமே! பத்துக் கேள்விக்கும் டிக் இருக்கிறது, கருவியில் குறை இருக்க வழியில்லை. பதிவேட்டில் சார் அழகான கையெழுத்தில் எழுதினார்: "பூஜை செய்த பொட்டை மாணவி அழித்ததால் வில் முறிந்தது." அதன் கீழே தலைமையாசிரியையும் கையெழுத்துப் போட்டார். பிறகு அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார்.

பருத்தி எடுத்துக்கொண்டிருந்த அம்மா, தலையில் பஞ்சோடு அப்படியே வந்து நின்றாள். தலைமையாசிரியை பதிவேட்டை வாசித்துக் காட்டினார். அம்மா சாரின் நெற்றிக் கட்டைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பொட்டத் தொடச்சது எம் மவதாங்க டீச்சர். தொடைக்காம இருந்திருந்தா அந்தக் கட்டு இவ மூஞ்சில இருந்திருக்கும். கண்ணு ரெண்டும் நல்லாருக்கு, எனக்கு அது போதும்ங்க."

அவளுக்குப் போதும். எனக்குப் போதவில்லை. தேர்வு நாளன்று காலையில் திருச்சி பஸ் எங்கள் தெரு முனையில் ஆரன் அடித்துவிட்டுப் போனது. நான் அம்மாவோடு பருத்தி எடுக்கப் போனேன்.